கரிசல் சீமைக் குழந்தைக்கு ஒரு கைப்பின்னல் பொம்மை

திருநூலில் தாய்மார் பலர் வருகின்றனர். அவர்களுள் தன் கைவேலையால் பிள்ளைப் பாசத்தைக் காட்டியவள் யாரென்று கேட்டால், அன்னாளைத்தான் முதலில் சொல்ல வேண்டும். நெடுங்காலம் பிள்ளையின்றி வருந்தி, ஆண்டவரிடம் கண்ணீர் மல்க மன்றாடிப் பெற்ற மகன் சாமுவேலை, பால்குடி மறந்தபின் சீலோவிலிருந்த ஆலயத்தில் ஒப்புக்கொடுத்துவிட்டு ஊர் திரும்பியவள் அவள். பெற்ற பிள்ளையை நாள்தோறும் காணும் பேறு அவளுக்கு இல்லாமற் போயிற்று. ஆண்டுக்கொருமுறை பலி செலுத்தக் கணவனோடு செல்லும்போது மட்டுமே காண இயலும். அப்போதெல்லாம் அவள் வெறுங்கையோடு செல்லவில்லை. மகனுக்கென ஒரு சிறு மேலாடையைச் செய்து எடுத்துச் சென்றாள் என்று சாமுவேல் முதல் நூலின் 2ஆம் அதிகாரம் கூறுகிறது. சென்ற ஆண்டைவிட எவ்வளவு வளர்ந்திருப்பான், கை எவ்வளவு நீண்டிருக்கும் என்று மனத்தால் அளந்து அளந்தன்றோ அவள் அதைச் செய்திருப்பாள்! தாய் உடனிருக்க முடியாத நாளில் தாயின் கை செய்த பொருள் பிள்ளையோடு இருந்தது.

இக்கட்டுரையில் நாம் சொல்லப் புகுவது மிகச் சிறியதொரு பொருளைப் பற்றி. கைக்குழந்தைக்குப் பருத்தி நூலால் பின்னும் ஓர் எளிய பொம்மையே அது. பொம்மையைப் பற்றி எழுதுவதற்குப் பங்குச் சாமியார்தானா கிடைத்தார் என்று சிலர் நகைக்கலாம். ஆயினும் குழந்தையின் அழுகையும் அதைத் தேற்றும் கையும் திருச்சபையின் அக்கறைக்கு அப்பாற்பட்டவை அல்ல. பெத்லகேமில் பிறந்த பாலனைத் துணிகளில் சுற்றி முன்னிட்டியில் கிடத்தினார்கள் என்னும் சிறு செய்தியை லூக்கா விடாமல் எழுதி வைத்திருக்கிறாரே!

கரிசல் காட்டு அன்னாள்கள்

கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர் எனப் பரந்து கிடக்கும் கரிசல் சீமை வானம் பார்த்த பூமி. வடகிழக்குப் பருவமழை கைகொடுத்தால் பருத்தியும் கம்பும் உளுந்தும் பாசியும் விளையும். கைவிட்டால் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். மழை பொய்த்த ஆண்டுகளில் இம்மக்களுக்குக் கஞ்சி வார்த்தது தீப்பெட்டித் தொழில். 1920-களில் சிவகாசியில் வேரூன்றிய அத்தொழில் சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் சுற்றுப்புறச் சிற்றூர்களுக்கும் பரவியது. இயந்திரங்கள் வந்துவிட்ட இந்நாளிலும் அத்தொழிலைத் தாங்கி நிற்போர் பெரும்பாலும் பெண்களே. நூற்பாலைகளிலும், கடலைமிட்டாய் செய்யும் கூடங்களிலும், களையெடுப்பிலும், நூறு நாள் வேலையிலும் அவர்கள் கைகளே ஓயாது இயங்குகின்றன.

பொழுது புலருமுன் வேன் வந்து தெருமுனையில் ஒலி எழுப்பும். பிள்ளைக்குப் பால் கொடுத்து, பாட்டியின் மடியில் விட்டுவிட்டுத் தாய் ஓடுவாள். ஏழெட்டு மாதக் குழந்தை அவள் போன திசையைப் பார்த்துப் பார்த்து அழும். நண்பகலில் அவ்வழுகை உச்சத்துக்கு ஏறும். பாட்டி என்ன செய்வாள்? முன்னாளில் பனையோலைக் கிலுகிலுப்பையை ஆட்டினாள், தாலாட்டுப் பாடினாள். இன்றோ, பல வீடுகளில் கைபேசியில் ஏதேனுமொரு பாட்டை ஓடவிட்டுக் குழந்தையின் முன் நிறுத்துகிறார்கள். அழுகை நிற்கிறது, உண்மைதான். ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரையைக் காட்டவே வேண்டாம் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2019-இல் வெளியிட்ட நெறிமுறை கூறுகிறது. ஒரு வயதுக் குழந்தைக்கும் அதனைப் பரிந்துரைக்கவில்லை. திரை குழந்தையின் அழுகையை அடக்குகிறதேயன்றி அதன் ஏக்கத்தைத் தேற்றுவதில்லை.

தாய்மார் வேலைக்குப் போவதை நாம் குறை கூறவில்லை. கூலி வாங்காவிடில் அடுப்பு எரியாது. 2017-இல் செய்யப்பட்ட சட்டத்திருத்தம் மகப்பேற்று விடுப்பை முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரமாக உயர்த்தியது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டுமென்றும் விதித்தது. நல்ல சட்டம். ஆயினும் சிறு பட்டறையில் எண்ணிக்கைக் கூலிக்கு உழைப்பவளையும், வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டுபவளையும், காட்டில் களை வெட்டுபவளையும் அது சென்று சேர்வதில்லை. ஆகவே ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: பொம்மை தாய்க்கு ஈடாகாது, விடுப்புக்கும் காப்பகத்துக்கும் நியாயமான கூலிக்கும் ஈடாகாது. நம் பங்குகளில் தொழிற்கூடம் நடத்தும் அன்பர்கள் இதனை மனத்தில் கொள்வார்களாக.

குழந்தை எதைத் தேடுகிறது?

பசி தீர்ந்தால் குழந்தைக்கு வேறென்ன வேண்டும் என்று கேட்போர் உண்டு. அமெரிக்க உளவியல் அறிஞர் ஹாரி ஹார்லோ 1958-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை கூறியது. தாயிடமிருந்து பிரித்த குரங்குக் குட்டிகளின் முன் அவர் இரு போலித் தாய்களை வைத்தார். ஒன்று கம்பியாலானது, மற்றொன்று மென்துணி போர்த்தியது. பால்புட்டி கம்பித் தாயிடமே இருந்தபோதும், குட்டிகள் பாலருந்திய கணமே துணித் தாயிடம் ஓடி ஒட்டிக்கொண்டன. நாளின் பெரும்பொழுதை அதனிடமே கழித்தன. வாயில்லா உயிர்களைத் தாயினின்று பிரித்த அச்சோதனையின் கொடுமை நம்மை உறுத்தவே செய்கிறது. எனினும் அது உணர்த்திய உண்மை பெரிது: அணைப்பும் மென்மையும் உணவைப் போன்றே ஓர் அடிப்படைத் தேவை.

குழந்தை மருத்துவரும் உளவியலாருமான இங்கிலாந்தின் டொனால்டு வினிகாட் என்பவர், ஒரு பழைய போர்வை நுனியையோ துணிப் பொம்மையையோ குழந்தை விடாப்பிடியாகப் பற்றிக்கொள்வதேன் என்று ஆராய்ந்து 1951-இல் ஒரு கட்டுரை படித்தார். தாயும் தானும் ஒன்றே என்றிருந்த குழந்தை, தாய் வேறு தான் வேறு என்று மெல்ல உணரும் பருவத்தில், இரண்டிற்கும் இடையே ஒரு பாலமாக அப்பொருளைப் பிடித்துக்கொள்கிறது என்பது அவர் கருத்து. அப்பொருளைப் பெற்றோர் தேர்ந்தெடுத்துத் திணிக்க முடியாது, குழந்தையே தேர்ந்துகொள்ளும். அது அழுக்கானாலும் கிழிந்தாலும் குழந்தைக்கு அதுவே வேண்டும். வேறொன்றைப் புதிதாக வாங்கிக் கொடுத்தால் வீசி எறிந்துவிடும்.

மணமும் இதில் பெரும்பங்கு வகிக்கிறது. பிறந்து ஒரு வாரமே ஆன குழந்தையின் தலைக்கு இருபுறமும், தன் தாயின் மார்பில் வைத்திருந்த பஞ்சுத் துணியையும் வேறொரு தாயின் துணியையும் தொங்கவிட்டால், அது தன் தாயின் துணிப் பக்கமே அதிக நேரம் முகம் திருப்புகிறது என்று ஆங்கில மருத்துவர் எய்டன் மக்ஃபர்லேன் 1975-இல் எடுத்துக்காட்டினார்.

நம் பாட்டிமார் இதைப் படித்ததில்லை, ஆனால் அறிந்திருந்தார்கள். தூளி கட்டப் புதுச்சேலையை யாரும் எடுப்பதில்லை. தாய் உடுத்தி நைந்த பழஞ்சேலையைத்தான் எடுப்பார்கள். நம் பங்கிலுள்ள ஒரு மூதாட்டி, மகள் தீப்பெட்டி ஆலைக்குப் போய்விட, பேரனை வளர்ப்பவர். பொம்மை பின்னும் திட்டத்தை நாம் அவரிடம் சொன்னபோது, “பொம்மை எதுக்குச் சாமி? அவ ஆத்தா சேலையில ஒரு முழம் கிழிச்சுக் கையில குடுத்தாப் போதும், பிள்ள அழுகைய நிப்பாட்டிரும்” என்றார். “நீங்கள் சொல்வதுதான் அடிப்படைப் பாடம், பாட்டியம்மா. நாங்கள் அதற்குக் கையும் காலும் வைக்கப் போகிறோம், அவ்வளவுதான்” என்றோம். அவர் சிரித்துவிட்டு, “அப்பச் சரி, நூலக் குடுங்க” என்றார்.

டென்மார்க்கின் எண்காலி

உலகெங்கும் பேசப்பட்ட ஒரு முயற்சியை இங்கே குறிப்பிடலாம். 2013-இல் டென்மார்க் நாட்டில், குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பேழைக்குள் வைக்கப்பட்ட குழந்தைகளுக்காகத் தன்னார்வப் பெண்கள் பருத்தி நூலால் சிறு ஆக்டோபஸ் பொம்மைகளைக் கொக்கி ஊசியால் பின்னி மருத்துவமனைகளுக்கு வழங்கத் தொடங்கினர். அவ்வழக்கம் விரைவில் பல நாடுகளுக்கும் பரவியது. அக்குழந்தைகள் தம் மூக்கிலும் உடலிலும் பொருத்திய குழாய்களையும் கம்பிகளையும் பிடித்து இழுத்துவிடுவதுண்டு. எண்காலியின் சுருண்ட கால்கள் பிஞ்சு விரல்களுக்குப் பற்ற வேறொன்றைத் தந்தன. அக்கால்களை இழுத்துப் பார்த்தால் 22 சென்டிமீட்டருக்கு மேல் நீளக் கூடாது என்று அவர்கள் விதி வகுத்துக்கொண்டார்கள்.

அக்கால்கள் தொப்புள்கொடியை நினைவூட்டுகின்றன. அதனால்தான் குழந்தை அமைதியடைகிறது என்றும் சொல்வர். கேட்க இனிமையாக இருப்பினும் இது மருத்துவ ஆய்வால் நிறுவப்பட்டதன்று. நிறுவப்பட்டது வேறொன்று. 1978-இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் மருத்துவர் எட்கார் ரே, பேழைகள் போதாமையால், எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் மார்போடு தோல்மேல் தோல் படுமாறு கட்டிவைக்கும் முறையைத் தொடங்கினார். கங்காரு முறை என்று பெயர் பெற்ற இதனை, பிறந்த உடனேயே தொடங்கினால் என்ன பயன் என்று இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் ஆராய்ந்தார்கள். அதன் முடிவு 2021-இல் வெளிவந்தது. 1 கிலோவுக்குக் குறையாமலும் 1.8 கிலோவை எட்டாமலும் பிறந்த குழந்தைகளில், முதல் 28 நாளுக்குள் இறந்தோர் வழக்கமான முறையில் 100-க்கு ஏறத்தாழ 16 பேர். உடனடிக் கங்காரு முறையில் 12 பேர். நூற்றுக்கு நான்கு உயிர்கள்! இதற்குச் செலவு ஒன்றுமில்லை. தாயின் மார்பு போதும்.

எனவே வரிசை தெளிவாகிறது. முதலில் தாயின் மேனி. அடுத்துத் தாயின் சேலை. அதற்கும் அடுத்ததே பொம்மை. இவ்வரிசையை மாற்றலாகாது.

நம் மண்ணின் நூல்

பின்னல் என்றாலே நம்மவர்க்குக் கம்பளி நினைவுதான் வரும். கொடைக்கானல் குளிருக்கு அது பொருந்தும். கோவில்பட்டி வெயிலுக்குப் பொருந்தாது. கடைகளில் ‘உல்லன் நூல்’ என்று மலிவாக விற்பதில் பெரும்பகுதி ஆட்டுக் கம்பளியே அன்று. அக்ரிலிக் என்னும் செயற்கை இழை. அது வியர்வையை உறிஞ்சாது. கொதிநீரில் போட்டால் உருக்குலையும். பஞ்சு உதிரும் நூலைக் குழந்தை வாயில் வைத்தால் இழைகள் தொண்டையில் சேரும். பருத்தி நூலோ எச்சிலையும் வியர்வையையும் உறிஞ்சும். கொதிக்கும் நீரைத் தாங்கும். வெயிலில் உலர்த்த உலர்த்த மென்மையுறும்.

பருத்தி நமக்கு அயலானதும் அன்று. கரிசலில் மானாவாரியாக விளைந்த கருங்கண்ணிப் பருத்தி ஒரு காலத்தில் தூத்துக்குடித் துறைமுகம் வழியே ‘டின்னீஸ்’ என்னும் வணிகப் பெயரோடு கடல் கடந்து சென்றது. 1891-லேயே கோவில்பட்டியில் நூற்பாலை எழுந்தது. 1901-இல் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் தோன்றிப் புதிய பருத்தி வகைகளை உருவாக்கியது. இன்று பருத்திக் காடுகளில் பெரும்பகுதியை மக்காச்சோளம் பிடித்துக்கொண்டது. கடையில் வாங்கும் பின்னல் நூல் நம் கரிசலில் விளைந்ததென்று சொல்ல முடியாது. இருப்பினும் பருத்தியின் குணமறிந்த கைகள் இங்கே இன்னும் இருக்கின்றன.

ஊசி வேலையும் இப்பகுதிக்குப் புதிதன்று. இடையன்குடியில் கால்டுவெல் ஐயரின் துணைவியார் எலைசா அம்மையார் 19ஆம் நூற்றாண்டில் ஏழைப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்து, அவர்கள் சொந்தக் காலில் நிற்க வழிசெய்தார். நம் கன்னியர் மடங்களின் தையற்கூடங்களில் பயின்ற பெண்மணிகள் பலர் இன்று பாட்டிமாராக நம் பங்குகளில் இருக்கிறார்கள். அவர்கள் விரல்கள் மறந்திருக்க மாட்டா.

செய்யும் முறை

இனிச் செய்முறைக்கு வருவோம். பின்னல் அறிந்த நம் பங்கு அம்மையார் சிலர் செய்துபார்த்துச் சொல்ல, நாம் எழுதிக்கொண்டது இது. ஒரே ஒரு சதுரத்தைப் பின்னத் தெரிந்தால் போதும், பொம்மை ஆகிவிடும்.

வேண்டியவை: நடுத்தரப் பருமனுள்ள பருத்திப் பின்னல் நூல் 50 கிராம் உருண்டை ஒன்று, பற்றாக்குறைக்கு இன்னொன்று, 4 மில்லிமீட்டர் பின்னல் ஊசி ஒரு சோடி, பெரிய கண்ணுள்ள தையல் ஊசி, கத்தரிக்கோல், துவைத்த பழைய வேட்டித் துண்டு, சிறிதளவு சுத்தமான பஞ்சு, முகம் தைக்கப் பழுப்பு நூல். வெளிர் நிற நூலானால் அழுக்கு தெரியும், தெரிந்தால்தான் துவைப்போம். சாயம் போகும் நூல் வேண்டாம். ஈரத் துணியால் தேய்த்துப் பார்த்து வாங்குக.

முதலாவதாக, நூலைக் கட்டைவிரலில் வளையமாக்கி ஊசியில் ஏற்றி இறுக்கும் எளிய முறையில் 50 கண்ணிகளை ஏற்றுக. மிக இறுக்கினால் அடுத்த வரிசையில் ஊசி நுழையாது.

இரண்டாவதாக, கண்ணிகள் உள்ள ஊசியை இடக்கையில் பிடித்து, வலக்கை ஊசியின் நுனியை முதற் கண்ணிக்குள் முன்னிருந்து பின்னாக நுழைக்க. பின்னால் இருக்கும் நூலை அந்நுனியைச் சுற்றி எடுத்து, கண்ணியின் வழியே முன்னால் இழுக்க. வலக்கை ஊசியில் புதுக்கண்ணி ஒன்று நிற்கும். இடக்கை ஊசியிலுள்ள பழைய கண்ணியை நழுவவிடுக. நுழை, சுற்று, இழு, நழுவவிடு என்னும் இந்நான்கு அசைவுகளே பின்னற்கலையின் அரிச்சுவடி. வரிசை முடிந்ததும் ஊசிகளைக் கைமாற்றி மீண்டும் அவ்வாறே செய்க. எல்லா வரிசையையும் இதே முறையில் பின்னினால் இருபுறமும் ஒரே வகையான மேடு பள்ளம் தோன்றும், ஓரம் சுருளாது.

மூன்றாவதாக, ஏறக்குறைய 100 வரிசை வந்ததும், ஒரு மூலையை எதிர்மூலையோடு மடித்துப் பார்க்க. ஓரங்கள் பொருந்தினால் சதுரம் முற்றுப்பெற்றது. பொருந்தாவிடில் இன்னும் சில வரிசை பின்னுக. பிறகு இரு கண்ணிகளைப் பின்னி, முதற் கண்ணியை இரண்டாவதன் மேலாகத் தூக்கி விடுக. அடுத்ததைப் பின்னி மீண்டும் அவ்வாறே செய்க. கடைசிக் கண்ணியில் நூலை அறுத்து உள்ளே இழுத்து இறுக்குக. தொங்கும் நூல்முனைகளை ஊசியால் பின்னலுக்குள் நீளமாகச் செலுத்தி மறைக்க. இப்போது சுமார் 25 சென்டிமீட்டர் சதுரம் கிடைக்கும்.

நான்காவதாக, பஞ்சை வேட்டித் துண்டில் வைத்து, 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள பந்தாகச் சுற்றி, பஞ்சு வெளிவராதபடி துணியை நன்றாகத் தைத்து மூடுக. இதனைச் சதுரத்தின் நடுவில் வைத்து, சுற்றிலும் பின்னலைக் கூட்டிப் பிடித்தால் தலை உருவாகும். கழுத்தில் நூலைப் பலமுறை இறுகச் சுற்றி, ஒவ்வொரு சுற்றுக்கும் ஊசியைப் பின்னலின் ஊடே குத்தி எடுத்துத் தைக்க. முடிச்சுப் போட்ட நுனியும் உள்ளே மறைய வேண்டும்.

ஐந்தாவதாக, தொங்கும் நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு முடிச்சை இறுகப் போட்டு, முடிச்சு அவிழாதபடி இரண்டு மூன்று தையல் இடுக. முன்னிரண்டும் கை, பின்னிரண்டும் கால். பல் முளைக்கும் காலத்தில் குழந்தை இம்முடிச்சுகளைத்தான் கடித்துக்கொண்டிருக்கும். கண்ணுக்கு மூடிய இமைபோல் இரு வளைகோடுகளைப் பழுப்பு நூலால் தைத்தால் போதும். வாய் இல்லாவிட்டாலும் குழந்தை பொறுத்துக்கொள்ளும்.

ஒரு வரிசைக்கு 50 கண்ணி என்பதைக் கவனித்த நம் மாதா சபைப் பெண்மணி ஒருவர், “ஜெபமாலையின் ஐந்து பத்தும் ஒரு வரிசைக்குள் அடங்கிவிடுகிறதே, சாமி” என்றார். 100 வரிசைக்கு 5,000 கண்ணி. நாளொன்றுக்கு அரைமணி நேரம் அமர்ந்தால் புதிதாகக் கற்பவரும் பத்துப் பன்னிரண்டு நாளில் முடித்துவிடலாம். கண்ணிக்கொரு அருள்நிறை மந்திரம் சொல்லிப் பின்னுவது அவரவர் பக்திக்கு விட்டது.

கவனம்! கவனம்!

அன்பு செய்த பொருளாலும் தீங்கு நேரலாம். ஆதலின் பின்வருவனவற்றை அம்மையார் ஒவ்வொருவரும் மனத்தில் இருத்த வேண்டும்.

பொத்தான், பாசிமணி, சலங்கை, ஒட்டுக்கண் ஆகியன அறவே கூடாது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் பொம்மையில் சிறு துண்டு எதுவும் கழன்று வரலாகாது என்பது உலக வழக்கு. ஏறத்தாழ 32 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய்க்குள் அடங்கும் எப்பொருளும் ஆபத்தானது. சோடாப் புட்டியின் தகர மூடியளவு என்று நினைவில் கொள்க. அரிசி, பயறு, ஆமணக்கு முத்து போன்றவற்றை உள்ளே நிரப்பலாகாது. நாடாவோ நீண்ட கயிறோ தொங்கலாகாது. அது கழுத்தில் சுற்றிக்கொள்ளும்.

எல்லாவற்றிலும் முதன்மையானது இது: ஒரு வயது நிரம்பாத குழந்தை உறங்கும்போது அருகில் பொம்மை, தலையணை, தளர்ந்த துணி எதுவும் இருக்கக் கூடாது என்று குழந்தை மருத்துவர்கள் வற்புறுத்துகின்றனர். மென்பொருள் மூக்கையும் வாயையும் மூடினால் விலக்கும் வலு அப்பிஞ்சுக்கு இல்லை. நம் தூளியிலோ இவ்வாபத்து மிகுதி. உள்ளே போட்ட பொருள் சரிந்து முகத்தருகேதான் வந்து சேரும். ஆகவே விழித்திருக்கும்போது, பெரியவர் பார்வையில் இருக்கும்போது கையில் கொடுங்கள். கண் அயர்ந்ததும் மெல்ல எடுத்துவிடுங்கள். ஒரு வயது கடந்தபின் உறக்கத்திலும் உடனிருக்கலாம்.

கொடுக்குமுன் ஒவ்வொரு மூலையையும் தலையையும் வலுவாக இழுத்துப் பாருங்கள். வாரம் ஒருமுறை கொதிநீரில் அலசி வெயிலில் முழுதும் காயவிடுங்கள். இழை பிரிந்தால் தைத்துக் கொடுங்கள். தைக்க இயலாதாயின் விலக்கிவிடுங்கள். ஒரே மாதிரி இரண்டு பின்னி மாற்றி மாற்றிக் கொடுத்துவந்தால், ஒன்று கொடியில் காயும்போது குழந்தை ஏங்காது. மருத்துவமனையிலுள்ள குழந்தைக்கு மருத்துவர், செவிலியர் அனுமதியின்றி எதையும் கொண்டு செல்லாதீர்கள்.

தாயின் மணம் ஏறுவதற்காக, கொடுக்குமுன் இரண்டு மூன்று இரவுகள் தாய் அப்பொம்மையைத் தன் மார்போடு வைத்துக்கொள்வது நல்லது. தீப்பெட்டித் தொழிலிலுள்ள தாய்மார்க்கு மட்டும் ஒரு சொல்: வேலைக்கு உடுத்திய சேலையோடு பொம்மையையோ பிள்ளையையோ தொடாதீர்கள். தீக்குச்சி மருந்து துணியில் படிந்திருக்கும். குளித்து உடைமாற்றிய பின்னரே அணைத்துக்கொள்ளுங்கள்.

பின்னிக்கொண்டிருந்த அன்னை

ஜெர்மானிய ஓவியர் பெர்த்ராம் என்பவர் 1400ஆம் ஆண்டையொட்டி ஒரு பீடத்துக்காக வரைந்த ஓவியம் இன்று ஹாம்பர்க் நகரக் கலைக்கூடத்தில் உள்ளது. அதில் தேவ அன்னை அமர்ந்து நான்கு ஊசிகளால் ஒரு சிறு அங்கியின் கழுத்தைப் பின்னிக்கொண்டிருக்கிறார். அருகே புல்தரையில் பாலன் இயேசு புத்தகத்தோடு இருக்கிறார். அவர் திரும்பிப் பார்க்கும் இடத்தில் சிலுவையும் ஈட்டியும் முள்முடியும் ஏந்திய வானதூதர்கள் நிற்கின்றனர். கல்வாரியில் போர்வீரர் சீட்டுப் போட்டுப் பங்கிட்ட ஆடை, தையலின்றி மேலிருந்து கீழ்வரை ஒரே நெசவாக இருந்ததென அருளப்பர் நற்செய்தி 19ஆம் அதிகாரம் கூறுகிறது. அதனைச் செய்தது தாயின் கையே என்று அக்காலத்து விசுவாசிகள் எண்ணிப் பார்த்தார்கள். வரலாறு என்று இதனைக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் பிள்ளையின் எதிர்காலத்தில் என்ன துன்பம் காத்திருக்கிறதென்று அறியாத நிலையிலும், இன்றைக்குச் செய்ய வேண்டிய சிறு பணியை அமைதியாகச் செய்துகொண்டிருக்கும் தாயை அவ்வோவியம் காட்டுகிறது. நம் தாய்மார் அனைவருடைய கோலமும் அதுவே.

இடைசெவல் மண் தந்த எழுத்தாளர் கு. அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’ என்னும் சிறுகதைத் தொகுதிக்கு 1970-இல் சாகித்திய அக்காதெமி விருது கிடைத்தது. அப்பெயரிலுள்ள கதையில், பரிசு கிடைக்காமற்போன ஒரு சிறுவன் தானே ஒரு டைரியைக் கொண்டுவந்து, அதை அன்பளிப்பென்று எழுதித் தருமாறு கேட்கிறான். அவனுக்கு டைரி வேண்டியதில்லை. தன்னை ஒருவர் நினைத்தார் என்பதே வேண்டியிருந்தது. பேசத் தெரிந்த பிள்ளை அப்படிக் கேட்டுவிட்டான். பேசத் தெரியாத கைக்குழந்தை அழுகையால் கேட்கிறது.

ஆகவே நம் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். பங்கிலுள்ள ஒவ்வொரு குழந்தையின் திருமுழுக்குக்கும் இத்தகைய பொம்மை ஒன்றை மாதா சபையார் பின்னிக் கொடுக்கலாம். யாப்பா நகரில் விதவைகளுக்கு ஆடை செய்து கொடுத்த தபித்தாளை அப்போஸ்தலர் பணி நூல் எவ்வளவு பெருமையாக நினைவுகூர்கிறது! தனிமையில் பொழுது போகாமல் திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டிமாருக்கு இது ஒரு பணியாகும். யாருக்கோ தாம் இன்னும் தேவைப்படுகிறோம் என்னும் ஆறுதலும் ஆகும். பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர்கள் கற்றுக்கொடுக்கட்டும். ஆண்மக்கள் இதனைப் பெண்கள் வேலையென்று ஒதுக்க வேண்டாம். ஐரோப்பாவின் பழைய பின்னற் சங்கங்களில் உறுப்பினராய் இருந்தோர் ஆண்களே. வீட்டில் தாத்தா ஓய்வாக இருந்தால், அவர் கையிலும் இரண்டு ஊசியைக் கொடுங்கள்.

ஆகஸ்ட் 15-இல் காமநாயக்கன்பட்டிப் பரலோக மாதா திருவிழாவுக்குக் கரிசல் சீமையெங்குமிருந்து தாய்மார் கைக்குழந்தைகளோடு வருவர். வீரமாமுனிவர் பணியாற்றிய அவ்வூருக்கு வரும் குழந்தைகளின் கையில் அடுத்த ஆண்டு நெகிழிக் கிலுகிலுப்பைகளோடு சில பருத்திப் பொம்மைகளையும் காண விழைகிறோம். கடையில் நூல் உருண்டை ஒன்று வாங்க அதிகப் பணம் ஆகாது. ஊசியைக் கையில் எடுத்து முதற் கண்ணியை ஏற்றுங்கள். மீதி 4,999-உம் தாமே பின்தொடரும்.